தொடையிடுக்குக் குடலிறக்கம்: கரையும் வலையா, நிலைக்கும் வலையா?

கடலூர் மஞ்சக்குப்பத்தின் அரசுத் தலைமை மருத்துவமனையானாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் குடலிறக்கம் அன்றாட வேலை. முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை இறக்குபவர், நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றுபவர், பண்ருட்டியில் பலா வண்டிக்கு ஆள் போகிறவர், நாள்பட்ட இருமலோடு வாழும் முதியவர் என்று பலருக்கும் வருவது இது. நின்றால் புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கத்தைக் காட்டி, “ஆபரேஷன் செய்து மெஷ் வைக்க வேண்டும்” என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் மனதில் எழும் கேள்வி ஒன்று உண்டு: அந்த வலை காலத்துக்கும் உள்ளேயே இருக்குமா? கரைந்துபோகும் வலை கிடையாதா?

நியாயமான கேள்வி. தையல் கரைந்துவிடும், பிரிக்க வர வேண்டாம் என்று மருத்துவமனையில் கேட்டுப் பழகியவர்கள் நம் மக்கள். தையல் கரையுமென்றால் வலை ஏன் கரையக் கூடாது? அப்படிப்பட்ட வலைகள் சந்தையில் இருக்கவும் இருக்கின்றன. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால், வயது வந்தவரின் சாதாரணத் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்குக் கரையும் வலை தன் தகுதியை இன்னும் நிரூபிக்கவில்லை. நிலைக்கும் எளிய பாலிப்ரொப்பிலீன் வலைதான் இன்றும் முதல் தேர்வு. வலையே வேண்டாம் என்பவருக்கும் மாற்று வழி உண்டு. அந்த வழி நல்ல தையல் முறை, கரையும் வலையல்ல. இந்த முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

வலுவிழந்த சுவர்

அடிவயிற்றின் தசைச்சுவரில், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஆணின் விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் விதைப்பைக்குப் போக ஒரு சாய்வான பாதை இருக்கிறது. இயற்கையிலேயே பலவீனமான இடம் அது. அந்தப் பாதை வழியாகவே குடலோ கொழுப்போ இறங்கினால் மறைமுக வகை. மருத்துவர்கள் இன்டைரக்ட் என்பார்கள். பாதையின் பின்சுவரே நைந்து நேராகப் புடைத்தால் நேரடி வகை, அதாவது டைரக்ட். இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியமாகும்.

பன்னாட்டு வல்லுநர்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, வாழ்நாளில் ஆண்களில் 27 முதல் 43 சதவீதம் பேருக்கும் பெண்களில் 3 முதல் 6 சதவீதம் பேருக்கும் இது வரலாம். உலகெங்கும் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் இந்த அறுவைகள் நடக்கின்றன. பாரம் தூக்குவது மட்டுமே காரணம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பாரத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் குடும்ப வழி, முதுமை, திசுக்களை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் தரம் ஆகியவை இன்னும் ஆழமான காரணங்கள். குடலிறக்கம் வந்தவர்களின் திசுவில் முறுக்கேறிய முதல் வகைக் கொலாஜன் குறைந்தும், மெலிந்த மூன்றாம் வகை கூடியும் இருப்பதை ஜெர்மனியின் ஆஹன் நகர ஆய்வாளர்கள் உள்ளிட்ட பலர் காட்டியிருக்கிறார்கள். பலருக்கு ஓட்டை விழுந்தது மட்டும் சிக்கல் இல்லை. ஓட்டையை மூட வேண்டிய திசுவே வலுவற்றது. கரையும் வலை பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே சுழல்கிறது.

தையலிலிருந்து வலைக்கு

இத்தாலியின் பதுவா நகரில் எடுவார்டோ பாசினி 1880களில் பின்சுவரைத் தைத்து வலுப்படுத்தும் முறையை வகுத்தார். அதற்கு முன் அறுவைக்குப் பிறகும் பெரும்பாலோருக்குக் குடல் மறுபடி இறங்கிவிடும். பாசினி அந்த நிலையை மாற்றினார். கனடாவின் டொரண்டோவில் எட்வர்ட் ஷோல்டிஸ் 1945இல் தன் மருத்துவமனையைத் தொடங்கி, நான்கு அடுக்காகத் தைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனாலும் தையலுக்கு அடிப்படையான ஒரு குறை இருந்தது. விலகி நிற்கும் திசுக்களை இழுத்துக் கட்டும்போது இறுக்கம் வரும். இறுக்கம் வலி தரும். நாளடைவில் தையல் திசுவை அறுத்துக்கொண்டு விலகும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபிரான்சிஸ் அஷர் 1950களின் இறுதியில் பாலிஎத்திலீன் வலையையும், பின்னர் பாலிப்ரொப்பிலீன் வலையையும் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன் குழு 1989இல் 1000 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது: திசுவை இழுக்காமல், பலவீனமான இடத்தின் மேல் தட்டையான வலையை விரித்துப் பொருத்துவது. எளிதில் கற்கலாம், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோ அந்த இடத்தில் மட்டும் ஊசி போட்டோ செய்துவிடலாம். உலகின் பெரும்பாலான அறுவை அரங்குகளில் இன்றும் திறந்த அறுவை என்றால் இதுதான். 1990களில் வந்த லேப்ராஸ்கோப்பி முறைகளும் வலையை வைப்பவைதான்; இடம் மட்டும் தசைக்குப் பின்னால்.

வலையா தையலா என்ற கேள்வியை 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு எடுத்துக்கொண்டது. 25 ஆய்வுகள், 6,293 பேர். 46 பேருக்கு வலை வைத்தால், தையல் மட்டும் போட்டிருந்தால் திரும்ப வந்திருக்கும் ஒரு குடலிறக்கம் தவிர்க்கப்படுகிறது என்பது அதன் கணக்கு. நரம்பு, இரத்தக் குழாய், உள்ளுறுப்புக் காயங்களும் வலைப் பிரிவில் குறைவு; நீர் கோத்துக்கொள்வது மட்டும் சற்று அதிகம். 46க்கு ஒன்று சிறிய எண்ணாகத் தோன்றலாம். மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது என்பதையும், தினக்கூலிக் குடும்பத்துக்கு அது இரண்டாவது முறையாக வாரக்கணக்கில் வருமானம் நிற்பது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

நிலைக்கும் வலை மீதான குற்றச்சாட்டுகள்

கரையும் வலை தேடப்படுவதற்கு முதல் காரணம் வலி. அறுவைக்கு மூன்று மாதம் கழித்தும் நீடிக்கும் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு இருப்பதாக வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. அன்றாட வேலையை முடக்கும் அளவு கடுமையான வலி 0.5 முதல் 6 சதவீதம் வரை. இதைச் சின்ன விஷயம் என்று எந்த மருத்துவரும் ஒதுக்கக் கூடாது.

ஆனால் அந்த வலிக்கு வலைதான் காரணமா? அந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன. வெட்டும்போது காயம்படுவது, தையலில் சிக்குவது, தழும்பில் ஒட்டிக்கொள்வது எல்லாமே வலி தரும். அறுவைக்கு முன்பே கடும் வலி இருந்தவர்களுக்கும் இளவயதினருக்கும் ஆபத்து கூடுதல். டென்மார்க் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வலை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் நாள்பட்ட வலியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடித்தது. வலை சுருங்கி மடிந்து, பந்துபோல் இறுகி வலி தந்த நிகழ்வுகள் உண்மையே. ஆனால் வலையை எடுத்துவிட்டால் வலியும் ஒழியும் என்ற பொதுவான கணக்குக்குச் சான்று இல்லை.

இரண்டாவது காரணம், வெளிநாட்டுச் செய்திகள் கிளப்பிய அச்சம். கருப்பை இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியாக வைத்த வலைகள் பலருக்குப் பெரும் துன்பம் தந்தன. அமெரிக்காவில் 2019இல் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் 2020இல் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை அந்தப் பெண்களின் குரலுக்கு மதிப்புக் கொடுத்தது. மூலப்பொருள் ஒன்றாக இருந்தாலும் வைக்கும் இடமும் அங்குள்ள திசுவும் வேறு. அந்த அனுபவத்தை அப்படியே தொடையிடுக்குக்குப் பொருத்திப் பேசுவது தவறு. ஆனால், உடலில் வைக்கும் பொருளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

மூன்றாவது, மணமாகாத இளைஞர்களின் கவலை: விந்துக் குழாயை வலை பாதிக்குமா? ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டைக் கொண்டு செய்த ஆய்வு, ஒரு பக்க வலை அறுவையால் குழந்தையின்மை கூடுவதாகக் காணவில்லை.

கரையும் வலையின் வாக்குறுதி

கட்டட வேலையில் கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகை தாங்குகிறது, இறுகியதும் பிரித்துவிடுகிறார்கள். கரையும் வலையின் பின்னுள்ள எண்ணமும் அதுதான். உடல் தன் சொந்தத் தழும்பைக் கட்டிக்கொள்ளும்வரை வலை தாங்கட்டும், பிறகு இல்லாமல் போகட்டும்.

முதலில் வந்தவை தையல் நூலின் மூலப்பொருளிலேயே நெய்தவை. விக்ரில் என்று அறியப்படும் பாலிகிளாக்டின் வலை சில வாரங்களில் வலிமை இழந்து, இரண்டு மூன்று மாதங்களில் கரைந்துவிடும். தழும்பு முதிர ஓராண்டு வரை ஆகும்போது இது மிகக் குறுகிய காலம். பலகையைச் சீக்கிரம் பிரித்த கதையாகவே முடிந்தது. எனவே அடுத்த தலைமுறை வலைகள் காலத்தை நீட்டின. ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரையும் பயோ-ஏ, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தாங்கும் ஃபேசிக்ஸ், மூன்றாண்டுகளில் முழுதும் மறையும் ஸ்வீடனின் டைகர் மேட்ரிக்ஸ் ஆகியவை அந்த வரிசையில் வந்தவை. டைகரில் இரண்டு வகை இழைகள் உண்டு: ஒன்று சில மாதங்களில் கரையும், மற்றது நிதானமாக. அதனால் வலை சிறிது சிறிதாக இளகி, பாரத்தைத் திசுவின் தோளுக்கு மாற்றும் என்பது வடிவமைத்தவர்களின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பை ஸ்வீடன் அறுவை மருத்துவர்களே சோதித்தார்கள். 40 பேருக்கு லிக்டன்ஸ்டைன் முறையில் டைகர் வலை வைத்து மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த முடிவு 2014இல் வெளியானது. மறைமுக வகைக் குடலிறக்கம் மட்டும் இருந்தவர்களில் ஒருவருக்கும் திரும்ப வரவில்லை; வலியும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. நேரடி வகை இருந்தவர்களிலும், இரண்டும் கலந்திருந்தவர்களிலும் கணிசமான பங்கினருக்குத் திரும்ப வந்துவிட்டது.

சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவும் இல்லை. ஆனாலும் அது சொல்லும் சேதி திசு அறிவியலோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மறைமுக வகையில், குறிப்பாக இளைஞரிடம், சுவர் ஓரளவு நன்றாக இருக்கிறது. பிறவியிலேயே மூடாத பைதான் குற்றவாளி. அங்கே வலை கரைந்தாலும் சுவர் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு வலையே தேவைதானா என்பது தனிக் கேள்வி. நேரடி வகையிலோ சுவரே நைந்தது. அந்த உடல் உருவாக்கும் தழும்பும் அதே பலவீனக் கொலாஜனால் ஆனது. எத்தனை மாதம் காத்திருந்தாலும் அங்கே கான்கிரீட் முழுதாக இறுகுவதில்லை. வயது ஏற ஏற அதிகம் காணப்படுவது இந்த வகைதான். யாருக்கு வலை மிகவும் தேவையோ அவருக்கே கரையும் வலை கைகொடுக்கவில்லை.

பாதி கரையும் வலை

நடுவழியும் முயன்று பார்க்கப்பட்டது. வைப்ரோ, அல்ட்ராப்ரோ போன்ற வலைகளில் பாலிப்ரொப்பிலீனோடு கரையும் இழையும் கலந்திருக்கும். கரைந்தபின் உள்ளே தங்கும் பிளாஸ்டிக்கின் எடை குறையும். உடலின் எதிர்வினையும் குறையும் என்பது கணக்கு. திறந்த அறுவையில் இதற்குச் சிறு பலன் தெரிந்தது: உள்ளே ஏதோ இருப்பது போன்ற உணர்வு சிலருக்குக் குறைந்தது, திரும்ப வருவதும் கூடவில்லை. லேப்ராஸ்கோப்பியில் கதை மாறியது. நெதர்லாந்தில் 950 ஆண்களை வைத்து நடத்திய ஒப்பாய்வில், இரண்டாண்டு முடிவில் மெல்லிய வலைப் பிரிவில் 2.7 சதவீதம் பேருக்கும், வழக்கமான கனமான வலைப் பிரிவில் 0.8 சதவீதம் பேருக்கும் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது. வலியும் மெல்லிய வலையால் குறையவில்லை.

இந்த ஆய்வுகளால் வலையின் எடை என்ற ஒற்றை அளவுகோல் ஓய்ந்து, கண்ணியின் அகலம் கவனத்துக்கு வந்தது. கண்ணி அகலமாக இருந்தால் திசு ஊடாக வளர்ந்து வலையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சுருக்கம் குறையும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் உள்ளே போக முடியும். விலை கூடிய கலப்பு வலை வாங்காமலேயே, அகன்ற கண்ணியுள்ள சாதாரணப் பாலிப்ரொப்பிலீன் வலையில் இந்த நன்மை கிடைக்கிறது.

கிருமி கலந்த இடம்

கரையும் வலைக்குச் சொல்லப்படும் மிக வலுவான நியாயம் இதுதான். குடல் சிக்கி நெரிபட்டு, அழுகி, வெட்டியெடுக்க நேர்ந்த அவசர அறுவையில் நிலைக்கும் வலை வைத்தால் சீழ் பிடிக்குமே என்ற அச்சம். கரையும் வலையும், பன்றித் தோல் முதலியவற்றிலிருந்து செய்த உயிரிய வலையும் இந்த இடத்துக்கென்றே விற்கப்பட்டன. அமெரிக்காவில் 253 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. முன்வயிற்றுக் குடலிறக்கத்தில், கிருமி கலந்த அறுவைகளில், உயிரிய வலையையும் சாதாரணச் செயற்கை வலையையும் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டில் திரும்ப வந்தது உயிரிய வலையில் 20.5 சதவீதம், செயற்கை வலையில் 5.6 சதவீதம். வலையின் இடைநிலை விலை உயிரிய வலைக்கு 21,539 டாலர், செயற்கை வலைக்கு 105 டாலர். தொற்றுப் பாதுகாப்பிலும் விலை கூடியது மேலாக நிற்கவில்லை.

இது முன்வயிற்றைப் பற்றிய ஆய்வு. தொடையிடுக்குக்கு நேரடியாகப் பொருந்தாது. மலமும் சீழும் பரவிய தொடையிடுக்கில் இன்றும் விவேகமான வழி வலையில்லாமல் தைத்து முடிப்பது. திரும்ப வந்தால் தூய்மையான நாளில் வலை வைப்பது. குடல் சிக்கியிருந்தும் அழுகாமல் தப்பியவருக்கு நிலைக்கும் வலையையே வைக்கலாம் என்ற திசையில் அவசர அறுவை வழிகாட்டிகள் நகர்ந்துவிட்டன.

வலை வேண்டாம் என்பவருக்கு

குழந்தைகளுக்கு வலை தேவையே இல்லை. பையைக் கட்டி எடுத்தால் போதும். வீக்கம் சிறிதாக, தொந்தரவின்றி இருக்கும் ஆண்கள் அறுவையைத் தள்ளிப்போட்டு மருத்துவர் கண்காணிப்பில் இருக்கலாம்; அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வு அது ஆபத்தில்லாதது என்று காட்டியது. ஆனால் பத்தாண்டுகளில் சுமார் 68 சதவீதம் பேர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவைக்கே வந்தார்கள். பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்குத் தொடைக்குழாய் வழியாக இறங்கும் வகை அதிகம், அது எளிதில் நெரிபடும்.

அறுவை வேண்டும், வலை வேண்டாம் என்பவருக்கு ஷோல்டிஸ் முறை உண்டு. ஒன்டாரியோ மாகாணப் பதிவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், ஷோல்டிஸ் மருத்துவமனையில் திரும்ப வந்தது சுமார் 1 சதவீதம். மாகாணத்தின் பொது மருத்துவமனைகளில் 5 சதவீத அளவு. அங்கே நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துச் செய்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் ஒரே அறுவையை ஆண்டு முழுதும் செய்து தேர்ந்த கை எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு இது சாட்சி. நம் நாட்டிலேயே புணேயைச் சேர்ந்த மோகன் தேசர்தா, நோயாளியின் சொந்தத் தசைநார்ப் படலத்திலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் பின்சுவருக்கு முட்டுக்கொடுக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். போலந்தில் 208 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஒப்பாய்வு, மூன்றாண்டுகளில் அது லிக்டன்ஸ்டைன் முறைக்குச் சமமாக நின்றதைக் காட்டியது. அந்தப் படலம் நைந்திருந்தால் இந்த முறை முடியாது. ஆனால் நல்ல திசுவுள்ள இளைஞருக்கு, செலவில்லாத இந்தத் தீர்வு கரையும் வலையைவிட நேர்மையான மாற்று.

கரூர் கொசுவலை சொன்ன பாடம்

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை இந்தியா வேறொரு வகையில் சோதித்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய ரவீந்திரநாத் தோங்காவ்கர், ஏழை நோயாளிகளால் வலை வாங்க முடியாததைக் கண்டு, முறையாகக் கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணியைப் பயன்படுத்தினார். பல மருத்துவமனைகளில் கிடைத்த முடிவுகளை 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் ஸ்வீடன், உகாண்டா ஆய்வாளர்கள் 302 ஆண்களிடம் இதை முறைப்படி ஒப்பிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய மலிவு வலை நம் கரூரில் தயாரானது. 2016இல் வெளியான முடிவு: ஓராண்டில் மலிவு வலையில் ஒருவருக்குத் திரும்ப வந்தது, விலை கூடிய வலையில் யாருக்கும் இல்லை, சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 30 சதவீதம். இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

வீட்டுக் கொசுவலையை வெட்டி வைக்கலாம் என்பது இதன் பொருளாகாது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் நடைமுறையில் இருக்கும் நாட்டில் தரச்சான்று பெற்ற வலையே உடலுக்குள் போக வேண்டும். அத்தகைய உள்நாட்டுப் பாலிப்ரொப்பிலீன் வலைகள் இப்போது எட்டும் விலையில் கிடைக்கின்றன. இந்த அறுவையின் வெற்றி வலையின் விலையில் தங்கியிருக்கவில்லை என்பதே பாடம். நரம்புகளைக் கண்டு காப்பது, போதிய அளவு வலையைச் சுருக்கமின்றி விரிப்பது, ஓரங்களைத் தாண்டிப் படரும்படி பொருத்துவது ஆகியவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கரையும் வலைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இவை எதையும் வாங்கித் தராது.

நம் மாவட்டம் செய்யக்கூடியது

சிதம்பரத்தில் 1985இல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இன்று அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக மாறியிருக்கிறது. கற்பிக்கும் மருத்துவமனை ஒன்றும், நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் அரசுத் தலைமை மருத்துவமனை ஒன்றும் ஒரே அரசுத் துறையின் கீழ் வந்திருப்பது ஒரு வாய்ப்பு. ஸ்வீடன் 1992இலும் டென்மார்க் 1998இலும் குடலிறக்கப் பதிவேடு தொடங்கின. இந்தக் கட்டுரையின் சில விடைகள் அத்தகைய பதிவேடுகளிலிருந்து வந்தவை. எந்த வகைக் குடலிறக்கம், எந்த வலை, யார் கையால், ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் என்ன நிலை என்ற நான்கைந்து விவரங்களைக் கடலூர் மாவட்டத்தில் குறித்து வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. நம் உழைப்பாளிகளின் உடலுக்கு எது நின்றது என்பதை நம் பதிவுகளே சொல்லும். வலையால் கேடு நேர்ந்தால் தெரிவிக்க, 2015 முதல் நடக்கும் இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பழக்கம் மருத்துவமனைகளில் வேரூன்ற வேண்டும்.

நோயாளியும் வீட்டாரும் அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை சில. எனக்கு இருப்பது நேரடியா மறைமுகமா? இப்போதே அறுவை தேவையா? வைக்கும் வலை எது, அதன் விவர அட்டை என் கைக்கு வருமா? நாள்பட்ட வலி வர எனக்கு எவ்வளவு வாய்ப்பு, வந்தால் யாரிடம் வருவது? கரையும் வலையை யாராவது கூடுதல் விலைக்குப் பரிந்துரைத்தால், என் வகைக் குடலிறக்கத்தில் அது ஐந்தாண்டு நின்றதற்குச் சான்று உண்டா என்று கேட்கலாம். இன்றைய நிலையில் அதற்கு நேர்மையான விடை, போதிய சான்று இல்லை என்பதுதான். நாளை பெரிய ஒப்பாய்வுகள் வந்து, குறிப்பாக மறைமுக வகை உள்ள இளைஞர்களிடம் கரையும் வலை நிலைத்த பலன் தருவதாகக் காட்டினால், அப்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகள் கையில் எடுக்கும் சாதாரணப் பாலிப்ரொப்பிலீன் வலையை இல்லாதவருக்கான இரண்டாம் தர வைத்தியம் என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் சான்றுகள் கைகாட்டுவது அதே வலையைத்தான்.